ஒரே சம்பளத்தில் முதல் பிரசவம்: நாங்கள் தவறவிட்டதும் நீங்கள் தவறவிடக் கூடாததும்

எனக்கு நாள் தள்ளிப்போனது உறுதியானபோது வீட்டுக்கு இரண்டு சம்பளம் வந்துகொண்டிருந்தது. குழந்தை பிறந்தபோது ஒன்றுதான். நடுவில் இருந்த எட்டு மாதத்தை நன்றாகப் பயன்படுத்தியிருந்தால் மருத்துவமனையின் பணம் கட்டும் சாளரத்துக்கு முன்னால் என் கணவர் அப்படி நின்றிருக்க மாட்டார். நாங்கள் திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அவருக்குக் கைக்கு வரும் சம்பளம் 32,000 ரூபாய். நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக 23,500 வாங்கிக்கொண்டிருந்தேன். உங்கள் ஊரும் தொகையும் வேறாக இருக்கலாம். தேவைப்படும் காகிதங்களும் செலவுகள் வரும் வரிசையும் தமிழ்நாட்டில் ஏறக்குறைய இதேதான்.

1. ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள்

முதல் படியாக இதை வைப்பதற்குக் காரணம், என்னுடைய மிகப் பெரிய நட்டம் இங்கேதான் நடந்தது. நான்காம் மாதம் தொடங்கியதும் வாந்தியும் பஸ் பயணமும் சேர்ந்து படுத்தின. "பரவாயில்லை, விட்டுவிடு" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அலுவலகத்தில் ஒருவர்கூட மகப்பேறு விடுப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்து, பிரசவ நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் நீங்கள் 80 நாளாவது வேலை செய்திருந்தால், முதல் குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது ஏறக்குறைய ஆறு மாதச் சம்பளம், 1,41,000 ரூபாய். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது ஒன்பதாம் மாதத்தில், அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து.

உடம்பு முடியவில்லை என்றால் மருத்துவச் சான்றோடு சம்பளமில்லா விடுப்புக் கேளுங்கள். பிரசவ நாளுக்கு எட்டு வாரம் முந்தைய தேதி வரையாவது பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கட்டும். விடுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதியிலிருந்து, உங்களுக்குப் பதிலாகத் தொகையைப் பெறுபவர் யார் என்பதையும் குறிப்பிடுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். மின்னஞ்சலில் அனுப்பி, நகலைச் சொந்த முகவரிக்கும் போட்டுவையுங்கள். வேலையை விட்டபின் அலுவலக மின்னஞ்சல் திறக்காது.

உங்கள் சம்பளம் 21,000-க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கப்படுகிறது என்றால் அந்த 26 வாரச் சம்பளத்தை நிறுவனம் தராது, இ.எஸ்.ஐ. கழகமே தரும். அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்காவது பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு காலம். சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரிவது போதாது, கட்டியிருக்கிறார்களா என்று இ.எஸ்.ஐ. தளத்திலேயே பாருங்கள்.

2. இரண்டாவது சம்பளம் நிற்பதற்கு முன்பே அதைத் தொடுவதை நிறுத்துங்கள்

பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்த மாதமே தொடங்க வேண்டியது இது. எவர் சம்பளம் நிற்கப் போகிறதோ அந்தப் பணம் வந்த அன்றே வேறு ஒரு வங்கிக் கணக்குக்குப் போகட்டும். ஏ.டி.எம். அட்டையை அலமாரியில் வைத்துவிடுங்கள். ஒற்றைச் சம்பளத்தில் வாழ முடியுமா என்ற சந்தேகத்துக்கு அந்த இரண்டு மூன்று மாதத்திலேயே பதில் கிடைத்துவிடும். முடியவில்லை என்றாலும் திருத்திக்கொள்ள அப்போது நேரம் இருக்கிறது.

எனக்கு வந்த கடைசி இரண்டு சம்பளம் 47,000. அதில் 17,500-க்கு வாஷிங் மெஷின் வாங்கினோம். இன்னொரு 9,500 எங்கே போனது என்று இன்றுவரை இருவருக்கும் தெரியாது. மிஞ்சியது 20,000. வாஷிங் மெஷினை இன்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, குழந்தைத் துணியை அதுதான் துவைக்கிறது. ஆனாலும் அதைப் பிரசவத்துக்குப் பிறகு வாங்கியிருக்கலாம்.

3. பன்னிரண்டு வாரத்துக்குள் பிக்மி எண்

தனியார் மருத்துவமனையில்தான் பார்க்கப் போகிறோம் என்றாலும் இதைத் தவிர்க்க முடியாது. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்து பெறும் இந்தப் பன்னிரண்டு இலக்க பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. கிராமம் என்றால் கிராம சுகாதார செவிலியரிடமும், நகரம் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பதியலாம். கட்டணம் கிடையாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை: கணவன், மனைவி இருவரின் ஆதார், மனைவி பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம், குடும்ப அட்டை, ஸ்கேன் எடுத்திருந்தால் அந்த அறிக்கை, எப்போதும் கையில் இருக்கும் செல்பேசி எண். கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்பார்கள், குறித்துவைத்துக்கொண்டு போங்கள்.

இங்கே பலரும் விழும் குழி, தலைப்பெழுத்து. ஆதாரில் அப்பாவின் தலைப்பெழுத்து, வங்கியில் கணவர் பெயர், குடும்ப அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல் என்று மூன்று விதமாக இருந்தால் அரசு உதவித்தொகை கணக்குக்கு வராமல் நிற்கும். கணக்கு மனைவியின் தனிப் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். திருமணத்துக்கு முன் தொடங்கி மூன்று வருடமாகத் தொடாத கணக்கைக் கொடுக்காதீர்கள், அது முடங்கிக் கிடக்கும். என்னுடையது அப்படித்தான் கிடந்தது. உயிர்ப்பிக்க இரண்டு முறை வங்கிக்கு நடந்தேன், வயிற்றைத் தூக்கிக்கொண்டு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணம், மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். தகுதி வரம்பு உண்டு. "நமக்கெல்லாம் தர மாட்டார்கள்" என்று நீங்களே தீர்ப்பு எழுதாமல் செவிலியரிடம் கேளுங்கள். கிடைத்தாலும் ஒரே தொகையாக வராது. தவணைகளாக வரும், அதில் ஒரு பகுதி குழந்தை பிறந்த பிறகுதான். ஆகவே மருத்துவமனைச் செலவுக் கணக்கில் இந்தப் பணத்தை எழுதவே வேண்டாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை அங்கேயே இலவசமாகத் தருவார்கள். தனியார் மருத்துவரிடம் காட்டினாலும் நான் அந்த மாத்திரைகளையே கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவும் உண்டு. இவற்றை வாங்கக் கூச்சப்பட்ட இரண்டு மாதத்துக்கு மருந்துக்கடையில் 1,200 ரூபாய் கொடுத்தேன்.

4. காப்பீட்டுப் பட்டியலில் மனைவி பெயர் இருக்கிறதா?

கணவர் அலுவலகத்தில் குழுக் காப்பீடு இருந்தது. பிரசவத்துக்கும் ஒரு வரம்பு வரை தருவார்கள். திருமணமான புதிதில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லி வந்த மின்னஞ்சலை அவர் திறக்கவில்லை. அடுத்த வாய்ப்பு ஏப்ரலில் புதுப்பிக்கும்போது, குழந்தையோ ஜனவரியில். அவ்வளவுதான்.

இன்றைக்கே மனிதவளப் பிரிவிடம் நான்கு கேள்விகளை எழுதிக் கேளுங்கள்: மனைவி பெயர் சேர்ந்திருக்கிறதா, பிரசவத்துக்கு வரம்பு எவ்வளவு, அறுவைச் சிகிச்சைக்கு வேறு வரம்பா, பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே உண்டா. குழந்தையைச் சேர்க்க எத்தனை நாள் அவகாசம் என்பதையும் கேட்டு நாட்காட்டியில் குறியுங்கள்.

கர்ப்பமான பிறகு தனியாகக் காப்பீடு எடுத்து இந்தப் பிரசவத்துக்குப் பணம் வாங்க முடியாது. தனிநபர் பாலிசிகளில் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, பல பாலிசிகளில் அது ஆண்டுக்கணக்கில் போகும். "முடியும்" என்று சொல்லும் முகவரிடம் பாலிசிப் பத்திரத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

கணவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் மனைவிக்கும் அங்கே பிரசவம் பார்ப்பார்கள். குடும்ப விவரத்தில் மனைவி பெயரும் படமும் பதிவாகியிருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. வசதி இல்லாத இடத்தில் பிரசவம் நடந்தால் 7,500 ரூபாய் கேட்டுப் பெறலாம்.

சம்பாதிப்பவர் ஒருவர்தான் என்றாகும் நாளுக்கு முன் அவர் பெயரில் ஒரு டேர்ம் பாலிசி, அதாவது அவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, இருக்கட்டும். சொந்தக்காரர் ஒருவர் பிறக்காத குழந்தையின் படிப்புக்கென்று ஒரு சேமிப்புப் பாலிசியோடு வருவார். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

5. மாதக் கணக்கைத் தேதி போட்டு எழுதுங்கள்

ஒற்றைச் சம்பளம் ஆனபின் எங்கள் மாதம் இப்படி இருந்தது: வாடகையும் தண்ணீரும் 9,000, மளிகையும் காய்கறியும் 5,500, பால் 1,800, கேஸ் 900, மின்சாரம் 550, செல்பேசியும் இணையமும் 900, வண்டித் தவணை 3,400, பெட்ரோல் 2,000, மாமியாருக்கு 3,000, சீட்டு 2,500. ஆக 29,550. மீதி 2,450.

தாளில் பார்த்தால் தப்பித்துவிட்டோம். நடைமுறையில் மூன்று மாதம் துண்டு விழுந்தது. ஏனென்றால் மின்கட்டணம் மாதம் 550 என்று வராது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,100 என்று வரும். ஸ்கேன் எல்லா மாதமும் கிடையாது, வரும் மாதத்தில் 2,500 கேட்கும். ஆவணி பிறந்தால் ஐந்து கல்யாணம். எங்கள் பக்கத்தில் மொய் என்பது கடன் போல, நம் கல்யாணத்தில் எழுதியவருக்குத் திருப்பி எழுதியே ஆக வேண்டும். மொய் நோட்டை எடுத்து, பிரசவம் வரைக்கும் யார் வீட்டில் விசேஷம், அவர் நமக்கு எழுதியது எவ்வளவு என்று ஒரு பட்டியல் போடுங்கள். நாங்கள் இதைச் செய்யாமல் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 4,200 கொடுத்தோம்.

ஒரு பெரிய தாளில் ஒன்பது மாதத்துக்கும் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் அந்த மாதத்துக்கே உரிய செலவை எழுதுங்கள். மருத்துவச் செலவில் முன்கூட்டியே தெரிந்தவை இவை:

11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன்.
18 முதல் 20 வாரத்தில் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் பெரிய ஸ்கேன். எனக்கு அதிகச் செலவு வைத்தது இதுதான்.
24 முதல் 28 வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை.
அதன் பிறகு வளர்ச்சி ஸ்கேன். கடைசி மாதத்தில் மருத்துவரைப் பார்க்கும் நாட்களும் கூடும்.

எதைக் குறைக்கலாம்? பாலையும் முட்டையையும் பழத்தையும் குறைக்காதீர்கள். குடும்ப அட்டை இருந்தால் ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. எங்களுக்கு அட்டையே இல்லை. இருவர் பெயரும் அவரவர் பெற்றோர் அட்டையிலேயே இருந்தன. புதிய அட்டைக்கு முதலில் இரண்டு பக்கமும் பெயர் நீக்க வேண்டும், பிறகுதான் விண்ணப்பம். அலைச்சல் உள்ள வேலை என்பதால் வயிறு பெரிதாவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

புதிய சீட்டு, நகைக்கடையின் பதினொரு மாதத் திட்டம் இரண்டிலும் இந்தச் சமயத்தில் சேர வேண்டாம். நகைத் திட்டத்தில் நடுவில் பணம் தேவைப்பட்டால் பணமாகத் திரும்ப வாங்குவது கடினம். ஏற்கெனவே கட்டிவரும் ஏலச் சீட்டு இருந்தால் எப்போது எடுப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். எங்களுடையது 50,000 சீட்டு. எட்டாம் மாதத்தில் அவசரப்பட்டுப் பத்தாயிரம் தள்ளி 40,000-க்கு எடுத்தோம். இரண்டு மூன்று மாதம் பொறுத்து எடுத்திருந்தால் தள்ளுபடி குறைந்திருக்கும்.

6. மருத்துவமனையிடம் "மொத்தம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள்

அப்படிக் கேட்டால் ஒரு பொதித் தொகையை (பேக்கேஜ்) சொல்வார்கள். எங்களுக்குச் சொன்னது சுகப்பிரசவம் 35,000, சிசேரியன் 65,000. நாங்கள் கையில் 60,000 வைத்துக்கொண்டு, எப்படியும் சுகப்பிரசவம்தான் என்று நிம்மதியாக இருந்தோம். சிசேரியன் ஆனது. கட்டியது 86,400.

கூடுதல் எங்கே வந்தது என்றால்: மருந்துக்கடை 7,900, குழந்தைக்கு மஞ்சள் காமாலைக்காக இரண்டு நாள் விளக்கு வெளிச்சத்தில் வைத்தது 7,000, குழந்தை மருத்துவர் 3,000, ஒரு நாள் கூடுதல் அறை வாடகை 2,200, குழந்தையின் ரத்தப் பரிசோதனை 1,300. இவற்றில் எதுவும் ஏமாற்று இல்லை. பொதியில் என்ன சேராது என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை.

ஏழாம் மாதத்தில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள்: மருந்து பொதிக்குள்ளா வெளியிலா, மயக்க மருந்து மருத்துவர் கட்டணம் சேர்ந்ததா, குழந்தை மருத்துவர் கட்டணம் யார் கணக்கில், எத்தனை நாள் அறை வாடகை சேரும், குழந்தையைத் தனிப் பிரிவில் வைத்தால் நாளுக்கு எவ்வளவு, சேரும்போது எவ்வளவு முன்பணம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போக முடியுமா. பதிலை அங்கேயே நோட்டில் எழுதுங்கள். சிசேரியன் தொகையை வைத்தே திட்டமிட்டு, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கியின் யுபிஐ நாள் வரம்பையும் பார்த்துவையுங்கள். அன்று காலை அண்ணனும் மச்சினரும் அனுப்பிய பணம் கணக்கில் இருந்தும் வரம்பு இடித்ததால் அவர் ஏ.டி.எம். தேடி ஓடினார்.

அரசு மருத்துவமனையில் இந்தக் கணக்கே தேவையில்லை. பிரசவமும் மருந்தும் இலவசம், பச்சிளம் குழந்தைக்கான பரிசுப் பெட்டகமும் தருகிறார்கள். என் தோழி அங்கே சேர்ந்தாள். கூட இருந்தவர் சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் ஆன செலவு மட்டும்தான். கூட்டத்துக்கும் இடநெருக்கடிக்கும் மனதைத் தயார்செய்துகொண்டால் போதும். நான் அங்கே போகாததற்குக் காரணம் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற எண்ணம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

7. வளைகாப்பு: எத்தனை இலை?

மண்டபம், அலங்காரம், படம் எடுப்பவர் என்று பேச்சு தொடங்குவதற்கு முன் இலையின் எண்ணிக்கையை இரு வீட்டாரும் பேசி முடியுங்கள். மற்ற எல்லாச் செலவும் அதைப் பின்தொடர்ந்து வரும். நாற்பது இலை என்று பேசி, எங்கள் வீட்டில் நூற்றிருபது இலை விழுந்தது. செலவு முழுவதும் அம்மாவுடையது. இரண்டு மாதம் கழித்து மருத்துவமனையில் பணம் குறைந்தபோது அம்மாவிடம் இல்லாமல் போனதும் அதனால்தான்.

8. தாய்வீட்டு மாதங்கள்

முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனால் திருப்பூர்ச் செலவு குறையும் என்று எண்ணினோம். வாடகை குறையவில்லை. அவர் மெஸ்ஸில் சாப்பிட்டது மாதம் 4,500. ஞாயிறுதோறும் தாராபுரத்துக்கு வந்துபோன செலவு தனி. அம்மா வீட்டில் பாலும் காய்கறியும் நாட்டு மருந்துக்கடைச் சாமானும் கூடின. மகள் கையில் அம்மா காசு கேட்க மாட்டார். நீங்களாகவே மாதம் ஒரு தொகையை முதல் வாரத்தில் கொடுத்துவிடுங்கள்.

பதிவு ஓர் ஊரில், பிரசவம் வேறு ஊரில் என்றால் புறப்படும் முன் செவிலியரிடம் சொல்லிவிட்டு, தாய் சேய் நல அட்டையையும் எல்லா ஸ்கேன் அறிக்கைகளையும் ஒரே கோப்பில் எடுத்துச் செல்லுங்கள். அந்த அட்டையை நான் திருப்பூரில் விட்டுவந்து, அதற்காகவே அவர் ஒரு புதன்கிழமை விடுப்புப் போட்டார்.

9. குறைந்துவிட்டால் நகைக்கடன், ஆனால் முன்கூட்டியே

எங்களுக்குக் குறைந்தது 26,400. மச்சினரும் அண்ணனும் கொடுத்ததைத் திருப்ப அடுத்த வாரம் வங்கியில் 30,000 நகைக்கடன் வாங்கினோம். கடைத்தெரு அடகைவிட வங்கியில் வட்டி குறைவு. ஆனால் மதிப்பீட்டாளர் வரும் நேரத்தில்தான் வேலை நடக்கும், சனி ஞாயிறு பார்த்து வலி வருவதில்லை. ஒன்பதாம் மாதத் தொடக்கத்திலேயே போய் எந்த நகைக்கு எவ்வளவு தருவார்கள், என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுவையுங்கள். கையில் மிஞ்சும் சிறு தொகைகளைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வரலாம், கெடு வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிரெடிட் கார்டில் பிரசவச் செலவைப் போட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்த ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். அவர்கள் குழந்தை இப்போது நடக்கிறது, கடன் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

10. பிறந்த பின் முதல் 21 நாள்

பிறப்புப் பதிவு 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. மருத்துவமனையே அனுப்பும், ஆனால் அவர்கள் நிரப்பும் படிவத்தில் அப்பா, அம்மா பெயரின் எழுத்துக்கூட்டலை நீங்களே ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு திருத்துவது தனி வேலை. குழந்தையின் பெயர் முடிவாகவில்லை என்று காத்திருக்க வேண்டாம். பெயரில்லாமலே பதிந்து, ஓர் ஆண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். சான்றிதழை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், அதற்கென்று யாராவது 500 ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தடுப்பூசிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைகளில் இலவசம். ஆறாவது வார ஊசிக்குத் தனியார் மருத்துவமனையில் விலை கேட்டுவிட்டுத்தான் நான் புதன்கிழமை வரிசையில் போய் நின்றேன்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அதன் நகலை மூன்று இடத்துக்குக் கொடுக்க வேண்டும்: அலுவலகக் காப்பீட்டுக்கு, குடும்ப அட்டைக்கு, மகப்பேறு உதவித்தொகை வருவதாக இருந்தால் செவிலியருக்கு. காப்பீட்டுக்கு முதலில் அனுப்புங்கள். அதற்குத்தான் கெடு மிகக் குறைவு.